ஞாயிற்றுக்கிழமை கேப்டன்: மும்பை மைதானில் முதல் முறை அணியை நடத்தப்போகிறவருக்கு

உங்கள் பதினொருவரில் ஐந்தாறு பேர் உங்களைவிட நன்றாக ஆடுவார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த பந்து விழுவதற்குள் பதினொருவருக்கும் அவரவர் வேலை தெரிந்திருக்க வேண்டும். கேப்டனுக்கு உள்ள வேலை அவ்வளவுதான். தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்துத் தமிழ் அணிகள் ஆசாத் மைதானிலும் கிராஸ் மைதானிலும் தோற்கிற ஆட்டங்களைக் கவனித்தால், திறமைக் குறைவால் தோற்பது பாதிகூட இருக்காது. ஓவர் கணக்குத் தப்பியது, ரன் அழைப்பில் குழம்பியது, மூன்று பேர் தாமதமாக வந்தது, விதி தெரியாமல் விட்டுக்கொடுத்தது என்றுதான் கதை போகும். இவை எல்லாம் கேப்டன் கணக்கில் வருபவை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சிவப்பு லெதர் பந்தில், 40 ஓவரில், வாரக் கடைசியில் ஆடும் ஆட்டம். 20 ஓவர் என்றால் கணக்குகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை: ஆள், ரயில், விதி

பதினொரு பேர் 'வர்றேன்' என்று சொன்னால் ஒன்பது பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று பேரிடம் கேட்டு வையுங்கள். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆளிடம் 'ஆள் குறைந்தால்தான் இடம்' என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மைதானில் வைத்துச் சொன்னால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

அடுத்தது ரயில். ஞாயிறு என்றால் சென்ட்ரல், ஹார்பர் லைன்களில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயில்களை நிறுத்துவது, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எந்த லைனில், எத்தனை மணி முதல் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். டோம்பிவிலியிலிருந்தும் பன்வேலிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதைப் பார்த்து நேரம் சொல்லுங்கள். 'ஒன்பதுக்கு மேட்ச்' என்று சொல்லாதீர்கள், 'எட்டு மணிக்கு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன்' என்று சொல்லுங்கள். தொடக்கப் பந்துவீச்சாளர் பிளாக்கில் மாட்டிக்கொண்டால் உங்கள் திட்டம் முதல் பந்துக்கு முன்பே கலைந்துவிடும். கிட் பேக் கொண்டு வருபவர் லக்கேஜ் டப்பாவில் ஏறட்டும். அவர் கூட்டம் ஏறுவதற்கு முந்தைய வண்டியைப் பிடிப்பது நல்லது.

மூன்றாவது, போட்டி விதிகள். அமைப்பாளர் அனுப்பும் தாளை முழுதாகப் படிக்கிற கேப்டன் பத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை ஓவர், வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர், பக்கத்து ஆட்டத்தின் பிட்ச்சில் பந்து போய் நின்றால் எத்தனை ரன், மழை வந்தால் எப்படிக் கணக்கிடுவது என்ற நான்கையும் எழுதி வையுங்கள்.

விதி தெரிந்த கேப்டனால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஊர்க்காரர், அன்றைய இந்தியக் கேப்டன் அஜித் வாடேகர் சாட்சி. 1971-ல் கிங்ஸ்டன் டெஸ்டின் முதல் நாள் முழுதும் மழையில் போனது. ஐந்து நாள் ஆட்டம் நான்கு நாள் ஆனதால், எதிரணியை உடனே மறுபடி பேட் பிடிக்க வைக்கும் ஃபாலோ-ஆன் கொடுக்க 200 ரன் முன்னிலை தேவையில்லை, 150 போதும். திலீப் சர்தேசாயின் 212 ரன்னால் இந்தியா 387 எடுத்தது. மேற்கிந்தியத் தீவுகள் 217-க்கு ஆட்டமிழந்தது. முன்னிலை 170. வாடேகர் ஃபாலோ-ஆன் கொடுத்தார். ஆட்டம் டிராதான், ஆனால் யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது அந்தத் தொடரில் அன்றோடு மாறிப்போனது. அடுத்த டெஸ்டை இந்தியா வென்றது, தொடரையும் வென்றது.

சனிக்கிழமை இரவு: ஓவர் தாள்

புதுக் கேப்டன்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

40 ஓவர், ஒருவருக்கு 8. ஐந்து பேர் சரியாக 8 போட்டால் கணக்கு முடிகிறது. ஒரு முனையில் 1, 3, 5 என ஒற்றைப்படை ஓவர்கள், மறுமுனையில் 2, 4, 6 என இரட்டைப்படை. இதை ஒரு காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். சிறந்த வேகப்பந்து வீச்சாளருக்கு ஒற்றைப்படை முனையில் 1 முதல் 9 வரை ஐந்து ஓவர், கடைசியில் 35, 37, 39. இரண்டாவது வேகத்துக்கு மறுமுனையில் 2 முதல் 8 வரை நான்கு, கடைசியில் 34, 36, 38, 40. முதல் ஸ்பின்னருக்கு 11 முதல் 25 வரையுள்ள எட்டு ஒற்றைப்படை ஓவர்களையும் ஒரே மூச்சில் கொடுக்கலாம். இரண்டாவது ஸ்பின்னருக்கு 10, 12, 14, 16. பிறகு முனை மாறி 27, 29, 31, 33. நடுவில் 18 முதல் 32 வரையுள்ள இரட்டைப்படை ஓவர்கள் மிதவேகக்காரருக்கு. அவர் களைத்தால் அதில் இரண்டை ஆறாவது ஆளுக்குத் தள்ளுங்கள்.

இந்தத் தாள் பன்னிரண்டாவது ஓவருக்குள் கிழிந்துவிடும். யாரோ ஒருவர் மூன்று ஓவரில் முப்பது கொடுப்பார், யாரோ ஒருவருக்குக் கால் பிடிக்கும். கிழியட்டும். எதை எடுத்து எங்கே வைத்தோம் என்று தெரிந்திருப்பதற்குத்தான் தாள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, விக்கெட் விழுகிறதே என்று சிறந்த பந்துவீச்சாளரை 15-வது ஓவருக்குள் எட்டும் போட வைத்துவிடுவது. கடைசி ஐந்து ஓவரை அப்புறம் பகுதிநேரப் பந்துவீச்சாளர் போடுவார், எதிரணி சிரித்துக்கொண்டே அடிக்கும். ஆறாவது ஓவருக்குள் நான்கு விக்கெட் விழுந்திருந்தால் மட்டும் இதை மீறலாம். அப்போது ஆட்டத்தை அங்கேயே முடிப்பதுதான் சரி.

இரண்டாவது நேரெதிர் தவறு: நல்ல பந்துவீச்சாளரைக் கடைசிக்கு என்று பொத்தி வைப்பது. ஒருவர் அடுத்தடுத்த ஓவர் போட முடியாது என்பதால் கடைசி 10 ஓவரில் ஒருவரால் 5-க்கு மேல் போட முடியாது. 30-வது ஓவர் முடியும்போது அவரிடம் 6 மிச்சம் இருந்தால், அதில் ஒன்று வீணாகிவிட்டது என்று அர்த்தம். 20, 30 ஆகிய ஓவர்கள் முடிந்ததும் ஸ்கோரரைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சம் என்று சரிபாருங்கள்.

மூன்றாவது, முனைக் குழப்பம். 40-வது ஓவரை யார் போட வேண்டுமோ அவர் 38, 36 என இரட்டைப்படை முனையில் இருக்க வேண்டும். 37-வது ஓவரில் ஞாபகம் வந்து பயனில்லை.

காயத்தால் ஒருவர் ஓவரை நடுவில் விட்டால், மீதிப் பந்துகளைப் போட வருபவர் முந்தைய ஓவரைப் போட்டவராக இருக்கக்கூடாது. அவர் அடுத்த ஓவரையும் போட முடியாது. அந்த நேரப் பதற்றத்தில் பலர் இதை மறந்து நடுவரிடம் வாதாடுவார்கள்.

பையில் என்ன

இரண்டு பந்து, உபரி பெயில்ஸ், ஸ்கோர் புத்தகம், இரண்டு பேனா, நாணயம், துண்டு, டேப், கிரேப் பேண்டேஜ், ஐஸ். தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று அக்டோபர் வெயிலுக்கும் மே மாத வெயிலுக்கும் போதாது, இரண்டு வேண்டும். மாலிக்கும் (பிட்ச்சைப் பராமரிப்பவர்) நடுவருக்கும் கொடுக்க வேண்டியதைத் தனி உறையில் எடுத்து வையுங்கள். பிட்ச்சைப் பற்றி அந்த மாலியைவிட அதிகம் தெரிந்தவர் மைதானில் யாருமில்லை. காலையில் போனதும் அவரிடம் இரண்டு நிமிடம் பேசினால், அரை மணி நேரம் குனிந்து பிட்ச்சைப் பார்த்தாலும் தெரியாதது தெரியும். 'நேற்று தண்ணீர் விட்டீங்களா, எப்போ உருட்டினீங்க' என்று கேட்டால் போதும்.

டாஸ்

பொது விதிப்படி, ஆட்ட நேரத்துக்கு 30 நிமிடம் முன்னால் தொடங்கி 15 நிமிடம் முன்னால் வரைக்குள் டாஸ் போட வேண்டும். அதற்கு முன்பே பதினொருவர் பெயரையும் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். வென்றதும் முடிவைச் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது.

டிசம்பர், ஜனவரி காலைகளில் பிட்ச்சில் ஈரம் இருக்கும், முதல் ஒரு மணி நேரம் பந்து அசையும். கையில் நல்ல வேகப்பந்து வீச்சு இருந்தால் மட்டும் முதலில் வீசுங்கள். இல்லையென்றால் எதிரணிக்கு அந்த ஈரத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பும். ஓவல் மைதானிலும் ஆசாத் மைதானிலும் அதை நன்றாக உணரலாம். காற்றுக்கு எதிராக ஸ்பின்னர், காற்றோடு வேகம் என்பது பொதுவான வழக்கம். எந்த முனை என்பதைக் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

ஆட்கள் இன்னும் ரயிலில் இருந்தால், டாஸ் வென்றால் பேட்டிங்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

களத்தில் ஆளை நிறுத்துவது

பந்துவீச்சாளர், கீப்பர் போக ஒன்பது பேர். வலக்கை ஆட்டக்காரருக்கு எதிராகப் புதுப் பந்தில் ஆஃப் பக்கம் ஆறு: இரண்டு ஸ்லிப், கல்லி, பாயின்ட், கவர், மிட்-ஆஃப். லெக் பக்கம் மூன்று: மிட்-ஆன், ஸ்கொயர் லெக், ஃபைன் லெக். ஐந்தாறு ஓவரில் பந்து அசையவில்லை என்றால் இரண்டாவது ஸ்லிப்பை எடுத்து மிட்விக்கெட்டில் வையுங்கள். ஆஃப் ஸ்பின்னருக்கு ஆஃப் பக்கம் நான்கு, லெக் பக்கம் ஐந்து. லெக் பக்கத்தில் கிரீஸுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நின்றால் நோ-பால். ஓவருக்கு ஓவர் ஆட்கள் மாறும்போது இது தெரியாமல் நடக்கும், ஸ்கொயர் லெக்கில் நிற்பவர் இரண்டடி பின்னால் நகர்ந்தாலே போதும்.

நல்ல ஃபீல்டர்கள் கவரிலும் மிட்விக்கெட்டிலும் நிற்கட்டும். கிளப் மட்டத்தில் பந்து அதிகம் போகும் இடங்கள் அவைதான். எறி வலுவானவர் டீப் மிட்விக்கெட்டில். குனியச் சிரமப்படும் அண்ணாச்சி ஒருவர் எல்லா அணியிலும் இருப்பார். அவருக்கு மிட்-ஆன் சரி. வேகப்பந்துக்கு மட்டும் அவரை ஷார்ட் ஃபைன் லெக்கில் நிறுத்தாதீர்கள், அங்கே எதிர்வினை வேகம் வேண்டும்.

ஆசாத் மைதானில் 22 பிட்ச் என்று கணக்குச் சொல்வார்கள். உங்கள் கவரும் பக்கத்து ஆட்டத்தின் ஃபைன் லெக்கும் தோளோடு தோள் நிற்கிற இடம் அது. பக்கத்து ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஃபீல்டருக்கு ஆபத்து உண்டு. இரு பக்கமும் தெரியும்படி சற்றுச் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து 'பால், பால்' என்று சத்தம் வந்தாலும் உடனே தலையை மூடிக்கொள்ள வேண்டும். யார் பந்து என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

இடத்தைச் சொன்னால் மட்டும் போதாது. ஆள் நிற்கும் இடத்தில் ஷூ முனையால் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். இரண்டு ஓவர் கழித்துத் திரும்பி வரும்போது அவர் பழைய இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பார், ஒரு ரன் அந்த ஐந்தடியில்தான் போகும். இன்னொரு பழக்கம்: பந்து கீப்பர் கைக்குப் போனதும் எல்லோரும் ஒருமுறை கேப்டனைப் பார்க்க வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை சொன்னால் மறந்துவிடுவார்கள், முதல் ஐந்து ஓவரில் பார்க்காதவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பழகிவிடும். மைதானம் முழுக்கக் கத்திக் களத்தை மாற்றினால் ஆட்டக்காரருக்கும் காது இருக்கிறது.

நேரத்தையும் பாருங்கள். மணிக்கு 15 ஓவர் வீதம் 40 ஓவருக்கு 2 மணி 40 நிமிடம் ஆகும். பந்துக்குப் பந்து மாநாடு நடத்தும் அணி மணிக்கு 12-தான் போடும், அதற்கு 3 மணி 20 நிமிடம். டிசம்பரில் தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் கடைசி ஓவர்களை மங்கிய வெளிச்சத்தில் துரத்துவது நீங்களாகவே இருக்கலாம்.

பெரியவர்களையும் சிறியவர்களையும் வைத்து நடத்துவது

இருபத்தைந்து வயதுக் கேப்டன் நாற்பது வயதுக்காரரை நகர்த்துவதுதான் நம் அணிகளில் சிக்கலான வேலை. 'அண்ணா, ரெண்டடி உள்ளே வாங்க' என்று சொல்லிக் கையால் இடத்தைக் காட்டுங்கள். காரணம் கேட்டால் 'ஓவர் முடிஞ்சு சொல்றேன்'. அவரே பந்துவீச்சாளருக்கு ஃபீல்ட் மாற்றத் தொடங்கினால் அங்கேயே தடுக்க வேண்டாம். ஓவர் இடைவெளியில் போய், 'அண்ணா, ஸ்லிப்பை மட்டும் நீங்க பாத்துக்கோங்க, மத்ததை நான் பாக்கிறேன்' என்று ஒரு குறிப்பிட்ட வேலையைக் கையில் கொடுங்கள். பொதுவாக 'என்ன பண்ணலாம்' என்று எல்லோரிடமும் கேட்டால் ஏழு பதில் வரும். கீப்பரிடமும் பந்துவீச்சாளரிடமும் மட்டும் கேளுங்கள்.

கேட்ச் விட்ட பையனை உடனே எல்லைக்கோட்டுக்கு அனுப்பாதீர்கள். அது தண்டனை என்று எல்லோருக்கும் புரியும், அடுத்த கேட்சுக்கு அவன் கை நடுங்கும். இரண்டு ஓவர் அங்கேயே விட்டு, களம் மாறும்போது சேர்த்து மாற்றுங்கள்.

ரன் அழைப்பு: எந்த மொழியில்?

மும்பை அணியில் தமிழ், மராத்தி, ஹிந்தி எல்லாம் கலந்துதான் இருக்கும். 'வா' என்று ஒருவர் கத்த, கேட்டவர் அதை வேறு ஏதோ சொல்லென்று நினைத்து நின்றுவிட, நடுவில் இருவரும் சந்திக்கும் காட்சி ஞாயிறுதோறும் நடக்கும். 'யெஸ், நோ, வெயிட்' என்ற மூன்று சொல்லைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். இருவருமே தமிழர் என்றாலும் இதே மூன்றுதான். தமிழில் பேசினால் எதிரணிக்குப் புரியாது என்று நம்புகிறவர்கள், ஸ்கொயர் லெக்கில் நிற்பவர் சயான் கோலிவாடாத் தமிழர் என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.

விக்கெட்டுக்கு முன்னால் போகும் பந்துக்கு அடித்தவர் அழைக்க வேண்டும், பின்னால் போவதற்கு எதிர்முனைக்காரர். இரண்டாவது ரன்னுக்கு, எறி வரும் முனையை நோக்கி ஓடுபவர் சொல்வதே முடிவு. 1991 ரஞ்சி இறுதியாட்டத்தில் வான்கடேயில் 355 ரன்னைத் துரத்திய பம்பாய் 352-ல் நின்றது. வெங்சர்க்கார் 139 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நிற்க, கடைசி விக்கெட் ரன் அவுட். கபில் தேவின் ஹரியானா 2 ரன்னில் கோப்பையை எடுத்துப் போனது.

எதிர்முனைக்காரர் பந்து கையை விட்டு வெளியேறும் முன்பே கிளம்பினால், பந்துவீச்சாளர் ஸ்டம்பைத் தட்டலாம். 2022 அக்டோபர் முதல் விதிப்புத்தகத்தில் இது 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து சாதாரண ரன் அவுட் பகுதிக்கு வந்துவிட்டது. 2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் பட்லரை அப்படி ஆட்டமிழக்கச் செய்த அஸ்வின் அப்போது பஞ்சாபின் கேப்டனும்கூட. செய்யலாமா கூடாதா என்ற வாதத்தை டாஸுக்கு முன்பே உங்கள் அணிக்குள் முடித்துவிடுங்கள். முடிவு எதுவானாலும் உங்கள் ஆட்டக்காரர்களிடம் 'மட்டையைக் கிரீஸுக்குள் வைத்து நில்லுங்கள்' என்று சொல்வது கட்டாயம். அதே 2022 மாற்றத்தில், கேட்ச் ஆனால் இருவரும் கடந்திருந்தாலும் புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும், அது ஓவரின் கடைசிப் பந்தாக இல்லாத வரை. 'கிராஸ் ஆயிட்டோம்' என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

பேட்டிங் வரிசையும் துரத்தலும்

வரிசையை எண்ணால் சொல்லாதீர்கள், சூழ்நிலையால் சொல்லுங்கள். 'நீ ஆறாவது' என்பதைவிட '25 ஓவருக்குள் மூணாவது விக்கெட் விழுந்தா நீ, அப்புறம் விழுந்தா அவன்' என்பது உதவும். 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வான்கடேயில் யுவராஜுக்கு முன்னால் தோனி இறங்கினார். களத்தில் கம்பீர் இடக்கை, யுவராஜும் இடக்கை, எதிரே ஆஃப் ஸ்பின்னர் முரளிதரன். சென்னை அணி வலைப்பயிற்சியில் தோனி அவரை ஆடிப் பழகியவர். வரிசையை மாற்றக் காரணம் இப்படித் தெளிவாக இருக்க வேண்டும், பேட் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அதைச் சொல்லவும் வேண்டும். அடுத்து இறங்குபவர் எப்போதும் பேட் கட்டித் தயாராக இருக்கட்டும். விக்கெட் விழுந்து 3 நிமிடத்துக்குள் புதியவர் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டும், இல்லையென்றால் டைம்ட் அவுட்.

201 துரத்த வேண்டுமானால் ஓவருக்கு ஐந்து என்று சொல்லி அனுப்பாதீர்கள். 10 ஓவரில் 40, 20-ல் 85, 30-ல் 135, அப்போது கையில் ஆறு விக்கெட் என்று படி வைத்துக் கொடுங்கள். கடைசிப் பத்தில் 66, பழைய பந்தில் அது ஆகக்கூடியது. 20-வது ஓவரில் 85-க்குப் பதில் 70 இருந்தால் பதற வேண்டாம். ஐந்து விக்கெட் போயிருந்தால்தான் பதற வேண்டும்.

இந்த ஊரில் 'கடூஸ்' என்று ஒரு சொல் உண்டு. பிடிவாதமாக ஆடுவது, விக்கெட்டைச் சும்மா கொடுக்காதது என்று பொருள். எதிரணியை வாயால் சீண்டுவதை அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, அது தவறு. நம் ஆட்களின் நடத்தைக்கு விதிப்படி கேப்டனே பொறுப்பு. நடுவர் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான், அபராதம் 5 ரன்வரை போகலாம்.

மழைக்காலத்தில்

1948-ல் தொடங்கிய கங்கா லீக் என்ற மும்பை கிளப் போட்டி மழைக்காலத்தில்தான் நடக்கிறது. மூடாத பிட்ச், முழங்கால் நோக்கி வளரும் புல். தரையோடு அடித்த பந்து இருபது அடியில் நின்றுவிடும். அதனால் உள்வட்டத்தினர் நான்கைந்து அடி முன்னால் வரலாம், எல்லையில் நிற்பவர்கள் தூக்கி அடிப்பதற்கு மட்டும். வேகமாக வீசுபவரைவிட, நேராகக் கொஞ்சம் முன்னே தள்ளி வீசும் மிதவேகக்காரர் ஆபத்தானவர், பந்து நின்று எழும்பும். கால் வைக்கும் குழியில் மரத்தூள் போடலாம். பந்தை நடுவர் பார்க்கத் துண்டால் துடைக்கலாம். எச்சில் கூடாது, வியர்வை சரி. ஒவ்வொருவரும் இரண்டு ஜோடி சாக்ஸ் கொண்டு வரச் சொல்லுங்கள். மே மாதத்து 40 ஓவர் திட்டத்தை இங்கே எடுத்து வராதீர்கள். இங்கே 120 ரன் பெரிய ரன்.

ஆட்டம் முடிந்ததும்

இரண்டு ஸ்கோர் புத்தகத்தையும் ஒப்பிட்டு, நடுவர் கையெழுத்து வாங்கும்வரை யாரையும் கிட்டைக் கட்ட விடாதீர்கள். உபரி ரன்களில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வரும். தவறுகளைப் பற்றிய பேச்சை ரயிலில் தொடங்க வேண்டாம். தோற்ற அன்று சி.எஸ்.எம்.டி.-யிலிருந்து சயான் வரும்வரை நடக்கும் விவாதத்தில் ஒருவராவது அணியை விட்டுப் போவார். புதன்கிழமை போனில் ஆளுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். கிளம்புமுன் பந்துகளையும் பெயில்ஸையும் எண்ணி, அடுத்த வாரம் கிட் பேக் யார் வீட்டில் இருக்கும் என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள்.